சுஹறா சொன்ன விலை

எங்கள் கரையில் யாரிடமும் எதன் விலையையும் கேட்காதீர்கள். உண்மை வராது. ஏக்கருக்கு நாற்பது மூடை அறுத்தவனிடம் "போகம் எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள், "என்னத்தச் சொல்ற, எல்லாம் பதர்தான்" என்பான். மாடி வீடு கட்டியவன் செலவில் பாதியைத்தான் சொல்வான். தோணி நிறைய மீனோடு வந்து இறங்கியவன், கறிக்கே காணாது என்று முகத்தைச் சுளிப்பான். கண்ணூறு பட்டுவிடும் என்ற பயம் ஒரு பக்கம், கடன் கேட்டு ஆள் வந்துவிடும் என்ற பயம் மறுபக்கம். ஆனால் தன் பொருளின் விலையை மறைக்கிற அதே மனிதனுக்கு அடுத்தவன் பொருளின் விலை தெரியாவிட்டால் சோறு இறங்காது.

முப்பது வருடமாகக் கல்முனையில் போட்டோகொப்பிக் கடை வைத்திருந்து நான் கற்றது இது. ஊராரின் படிவங்களை நிரப்புவதும் கடிதங்களை எழுதிக் கொடுப்பதும் என் பிழைப்பு. எங்கள் பேச்சில் காக்கா என்றால் அண்ணன்; ஜுனைட் காக்கா எங்கே என்றால் பஸ் நிலையத்தடியில் யாரும் கை காட்டுவார்கள். நான் சொல்ல வந்தது சுஹறாவைப் பற்றி. ஆனாலும் அவள் கதையில் முதல் பிழை என் பேனையால்தான் நடந்தது, அதை விட்டுவிட்டு என்னால் தொடங்க முடியாது.

சுஹறா பாலமுனைப் பெண். அவள் கணவன் முபீன் பாடசாலை வேன் ஓட்டினார். காலையில் பாலமுனை, ஒலுவில், நிந்தவூர் என்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கல்முனைப் பாடசாலைகளில் இறக்குவார். பாடசாலை விடும்வரை வேன் என் கடைக்கு எதிரே நிற்கும், முபீன் என் வாங்கில் உட்கார்ந்து பத்திரிகை படிப்பார். 2017இல் பழைய வேனைக் கொடுத்துவிட்டு, ஜப்பானிலிருந்து இறங்கிய ஒரு வேனை இருபத்துநான்கு இலட்சத்துக்கு வாங்கினார். காப்புறுதிப் படிவத்தை என்னிடம்தான் கொண்டுவந்தார்.

"பெறுமதி எத்தின போடுற முபீன்?" என்று கேட்டேன்.

முபீன் வாசலைப் பார்த்தார், பிறகு மேசைக்கு மேலால் குனிந்தார். "பதினெட்டு எண்டு போடுங்க காக்கா."

"வாங்கினது இருபத்தி நாலுக்குத்தானே?"

"மெதுவாக் கதைங்க. ஊர்க் கண் பொல்லாதது. கட்டுற காசும் குறையுமெலா."

நான் பதினெட்டு என்று எழுதினேன். அது பிழை என்று எனக்குத் தோன்றவே இல்லை. இந்த ஊரில் பிறந்தவன் எவனுக்கும் தோன்றியிருக்காது. அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் கம்பனி அந்தப் பதினெட்டில் பத்திலொரு பங்கைக் குறைத்துக்கொண்டே வந்தது. கட்டுப்பணமும் குறைந்தது. பெட்டிக்குள் இருக்கிற பணம் கரைவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர்கள் உலகத்தில் நாங்கள்தான்.

இரண்டு வருடத்தில் முபீனுக்குச் சீனி வருத்தம் கண்ணுக்கு ஏறிப் பார்வை மங்கியது. இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். வேனை விற்றுவிடு என்று ஊரே புத்தி சொன்னது. சுஹறாவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. அவள் விற்கவில்லை. அக்கரைப்பற்றில் ஓட்டப் பழகினாள், முதல் சோதனையில் தவறி இரண்டாவதில் லைசன்ஸ் எடுத்தாள். முபீனின் மூத்த காக்கா கலந்தர் நெல் லொறி ஓட்டுபவர், குடும்பத்தில் கடைசி வார்த்தை தன்னுடையது என்று நினைக்கிறவர். அவர் பாய்ந்து வந்தார்.

"பொம்புள ஓட்டுற வேனில ஆரு புள்ளயள அனுப்புவாங்க?"

"புள்ளயளச் சுமந்து பெத்ததும் பொம்புளதானே மச்சான். கல்முனை மட்டும் சுமந்து போறது பெரிய வேலையா?"

முதல் மாதம் ஏழு பிள்ளைகள். வருட முடிவில் பத்தொன்பது. அபாயாவின் கை கியரில் சிக்காமலிருக்க ஊசி குத்திக்கொண்டு, மழை வெயில் பாராமல் ஓட்டினாள். முபீனின் மருந்து, இரண்டு மகள்களின் படிப்பு, அடுப்பில் வைக்கிற உலை எல்லாம் அந்த வேனிலிருந்துதான் வந்தன. அவர்களுக்கு வயல் இல்லை, கடை இல்லை. வேன் நின்றால் வீடு நின்றுவிடும்.

பிறகு நாட்டில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். புதியது வராததால் பழையதற்குக் கிராக்கி ஏறியது. இருபத்துநான்குக்கு வாங்கிய வேனை ஐம்பதுக்கும் ஐம்பத்தைந்துக்கும் கேட்டார்கள். தெருவில் நிற்கிற இரும்பு நிற்கிற இடத்திலேயே விலை ஏறிய காலம் அது. எங்கள் ஆட்கள் அதையும் ஒருவருக்கும் சொல்லாமல் உள்ளுக்குள்ளே சந்தோஷப்பட்டார்கள்.

2023 நடுப்பகுதியில் ஷிப்லியின் லொறி கவிழ்ந்தது. ஒலுவில் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றுகிறவன், சுஹறாவின் வேனுக்குப் பக்கத்தில்தான் தன் சின்ன லொறியை நிறுத்துவான். உயிருக்குச் சேதமில்லை. லொறி முழுதாகப் போய்விட்டது. சந்தையில் முப்பத்தெட்டு இலட்சம் போகிற லொறிக்கு அவன் கடதாசியில் இருந்தது எட்டு. கம்பனி அவனை ஏமாற்றவில்லை. எழுதியிருந்ததைக் கொடுத்தது. இன்று ஷிப்லி நிந்தவூரில் ஒரு அரிசி ஆலையில் மூடை தூக்குகிறான். அவனைக் கண்டால் நான் தெருவின் மறுபக்கம் மாறிவிடுவேன், ஏனென்றால் அந்த எட்டையும் எழுதியவன் நான்தான்.

ஷிப்லிக்கு எட்டு கிடைத்த மறுநாள் சுஹறா தன் காப்புறுதிக் கடதாசியை என் மேசையில் கொண்டுவந்து போட்டாள்.

"இதில என்ட வேனுக்கு எத்தின போட்டிரிக்கி காக்கா?"

நான் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். "ஒம்பது லட்சம்."

"அதுக்கு இப்ப ஒரு ஓட்டோ வாங்க ஏலுமா?"

"ஏலா."

"முதல் ஆரு பதினெட்டு எண்டு எழுதின?"

"நான்தான். முபீன் சொன்னார்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் மேசைக்குக் கீழே போய்விடலாம் போலிருந்தது. "அவர் சொன்னார், நீங்க எழுதினீங்க, நான் வாசிச்சும் பாக்காமக் காசு கட்டினன். மூணு பேருக்கும் புத்தி இல்ல. அடுத்த மாசம் புதுப்பிக்கணும். மெய்யான விலையத்தான் போடணும், ஒரு சதம் குறையப்படா."

சொல்வது சுலபம். காப்புறுதிக் கிளை என் கடையிலிருந்து ஆறு கடை தள்ளி. அங்கே கவுண்டரில் விதுஷா என்றொரு பிள்ளை, நல்ல பிள்ளை, ஆனால் சட்டத்தை மீறத் தெரியாத பிள்ளை. "அக்கா, பழைய வாகனத்துக்கு வருசா வருசம் பெறுமதி குறையும். கூட்டிறதெண்டா ஆதாரம் வேணும். இதே மாதிரி வேன் அண்மையில வித்த பேப்பர் மூண்டு கொண்டு வாங்க" என்றாள்.

சுஹறா போனாள். அதே மாதிரி வேன் வாங்கியவர்கள் மூன்று பேரைக் கண்டுபிடித்தாள். மூவரும் ஐம்பதுக்கு மேல் கொடுத்து வாங்கியவர்கள். ஒருவர் மனைவியை உள்ளே அனுப்பிவிட்டு மெல்லச் சொன்னார். இன்னொருவர் சுட்டுவிரலால் தன் உள்ளங்கையில் எழுதிக் காட்டினார். மூன்றாமவர், "அந்த விசயம் இப்ப என்னத்துக்குப் புள்ள?" என்று தேத்தண்ணியும் பேப்பரும் மட்டும் கொடுத்து அனுப்பினார். விற்பனைப் பேப்பரை எடுத்துப் பார்த்தால் ஒன்றில் இருபது, ஒன்றில் இருபத்திரண்டு, ஒன்றில் பதினேழு. முழு விலையைக் காகிதத்தில் எழுதுகிற பழக்கம் இங்கே எந்த வீட்டிலும் இல்லை. அறுபது வருடமாக நாங்கள் எல்லோரும் சேர்ந்து சொன்ன பொய், அவள் ஒருத்தியின் முன்னால் சுவராக நின்றது. எனக்கு அன்றைக்குத்தான் எங்கள் புத்திசாலித்தனத்தின் மேல் கோபம் வந்தது.

அவள் கிளைக்குத் திரும்பிப் போனபோது நானும் கூடப் போனேன். மனேஜர் மூன்று பேப்பர்களையும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பேப்பரில இருக்கிறதுதானே எங்களுக்கு விலை?"

"உங்கட ஒப்பந்தத்தில சந்தை விலை எண்டெலா போட்டிரிக்கி சேர்? அப்ப சந்தையக் கேளுங்க."

"சந்தைய எங்க போய்க் கேக்கிற?"

"நீங்க போகத் தேவல்ல. நான் இஞ்ச கொண்டாறன்."

ஆவணி விடுமுறை தொடங்கிய திங்கட்கிழமை அவள் வேனைக் கழுவித் துடைத்து, கிளைக்கு நேர் எதிரே நிறுத்தினாள். பக்கக் கண்ணாடியில் ஒரு பெரிய அட்டை. எழுதியது நான், செய்த பிழைக்கு அதையாவது செய்யவேண்டுமே. "இந்த வேன் விற்பனைக்கு அல்ல. ஆனால் விற்றால் என்ன விலை தருவீர்கள்? எழுதிக் கையொப்பம் இடுங்கள்." கீழே ஒரு ஸ்டூல், அதன் மேல் ஒரு கொப்பி, ஒரு பேனை.

கூட்டம் வரப் பத்து நிமிடம் ஆகவில்லை. அடுத்தவன் பொருளுக்கு விலை சொல்லக் கூப்பிட்டால் எங்கள் ஆட்கள் மரண வீட்டு ஜனாஸாவிலிருந்தும் எழும்பி வருவார்கள். டயரை உதைத்தார்கள், கதவைத் திறந்து மூடினார்கள், "ஐம்பது", "ஐம்பத்திமூணு" என்று கத்தினார்கள். ஆனால் பேனையைத் தொட ஒருவரும் இல்லை.

"வாயால சொன்னாக் காத்தோட போயிரும். எழுதுங்க" என்றாள் சுஹறா.

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். விலை சொல்லலாம், விலையோடு பெயரையும் சொன்னால் கையில் காசு இருக்கிறது என்று ஊர் நினைக்குமே! அந்த நேரம் விநாயகபுரத்து வேலப்போடி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். நெல்லும் மாடும் உள்ள மனுஷன், கோயில் பயணங்களுக்கு ஒரு வேன் தேடிக்கொண்டிருந்தவர். அட்டையை வாசித்தார், வேனைச் சுற்றி வந்தார், வெள்ளை வேட்டியோடு தரையில் படுத்து அடியையும் பார்த்தார்.

"பிள்ள, ஐம்பத்திநாலு. நீ ஓம் எண்டா இப்பவே தருவன்."

"விக்கிறல்ல ஐயா. எழுதித் தருவீங்களா?"

"எழுதிறத்துக்கு எனக்கென்ன பயம்? களவெடுத்த காசா?"

பெயர், அடையாள அட்டை இலக்கம், விலை, கையெழுத்து. நான்கையும் போட்டுவிட்டுக் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். விநாயகபுரத்திலிருந்து வந்த ஆள் எழுதிவிட்டான், நாம் எழுதாமல் நின்றால் மானம் போய்விடாதா? மூன்று நாளில் முப்பத்தொரு பேர் கையெழுத்து வைத்தார்கள். குறைந்தது நாற்பத்தொன்பது, கூடியது ஐம்பத்தெட்டு. ஒரு பகிடிக்காரன் எண்பது என்று எழுதினான். சுஹறா அதைக் குறுக்கே கீறி வெட்டினாள். "மேல போட்டாலும் பொய் பொய்தான்" என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னாள்.

இரண்டாம் நாள் மனேஜர் வெளியே வந்தார். "இத எடுங்க. எங்கட கஸ்டமர் உள்ள வர ஏலாமக் கிடக்கு."

"சந்தைய எங்க போய்க் கேக்கிற எண்டு கேட்டீங்க. வந்து நிக்கிது. கேளுங்க சேர்."

கூட்டம் சிரித்தது. மனேஜர் உள்ளே போனார். சிறிது நேரத்தில் விதுஷா வந்து கொப்பியை வாங்கினாள், என் கடையில் எல்லாப் பக்கத்தையும் கொப்பி எடுத்தாள், தானே ஒரு கடிதம் எழுதி இணைத்துக் கொழும்புக்கு அனுப்பினாள். சட்டத்தை மீறத் தெரியாத பிள்ளை, சட்டத்துக்குள் எவ்வளவு தூரம் போகலாம் என்று அன்றைக்குக் காட்டினாள். ஒன்பதாம் நாள் மட்டக்களப்பிலிருந்து மதிப்பீட்டாளர் வந்தார். ஐம்பத்துமூன்று இலட்சம் என்று எழுதினார். சுஹறா அதை வாங்கி வாசித்தாள். "ஓம், சரியான விலை" என்றாள்.

கட்டுப்பணம் மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. சீட்டுக் காசை எடுத்துக் கட்டினாள். கலந்தர் என் கடை வாசலிலேயே வைத்துச் சத்தம் போட்டார். "ஒரு லட்சத்தக் கொண்டுபோய்க் கடல்ல போட்டிரிக்கா! அதோட விலையையும் ஊரெல்லாம் எழுதி ஒட்டிரிக்கா! அல்லாஹ் பாதுகாப்பான் எண்ட நம்பிக்கை இல்லயா புள்ள?"

"நம்பிக்கை இரிக்கி மச்சான். ஒட்டகத்தக் கட்டிப்போட்டுட்டு அல்லாஹ்வ நம்பச் சொல்லித்தான் எனக்கு ஓதித் தந்த. நான் இவ்வளவு காலமும் நூலாலதான் கட்டியிரிந்தன்."

கலந்தர் லொறியைக் கிளப்பிக்கொண்டு போனார். ஆனால் ஊரில் கதை நிற்கவில்லை. ஐம்பத்துமூன்று இலட்சத்து வேன் போகிறது, ஐம்பத்துமூன்று இலட்சத்துச் சுஹறா போகிறாள் என்று சந்திக்குச் சந்தி பேசினார்கள். முபீனுக்கே பயம் வந்து, மௌலவி ஓதி ஊதிய தண்ணீரை வேனின் நாலு டயருக்கும் தெளித்தார். அவள் தடுக்கவில்லை.

தை மாதம் ஒரு மதியம். பாலமுனைப் பிள்ளைகள் அன்றைக்கு வந்திருக்கவில்லை; கடைசிப் பிள்ளையை ஒலுவிலில் இறக்கிவிட்டு அவள் தனியே பாலமுனைக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். மழை. பனையடியிலிருந்து ஒரு கட்டாக்காலி மாடு ரோட்டுக்குப் பாய்ந்தது. அவள் வெட்டித் திருப்பினாள், வேன் மதகில் மோதி வயலுக்குள் இறங்கியது. மாடு தப்பியது. சுஹறாவுக்குத் தோள் எலும்பு முறிந்தது. பிள்ளைகள் ஒருவரும் உள்ளே இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

ஆஸ்பத்திரியில் கலந்தர் கட்டிலடியில் நின்று, "நான் சொன்னனா இல்லயா? வாயால சொன்ன விலை, கண்ணூறு பட்டுட்டு" என்றார். அவள் வலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். மறுமொழி சொல்லாத சுஹறாவை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

வேனின் அடிச்சட்டம் வளைந்துவிட்டது, திருத்த முடியாது, முழு இழப்பு என்று அறிக்கை வந்தது. இப்போது கேள்வி ஒன்றுதான். அந்த வீட்டில் திரும்ப ஒரு வேன் நிற்குமா, இல்லை அவளும் ஷிப்லிக்குப் பக்கத்தில் போய் நிற்பாளா? கிளை ஐந்து வாரம் இழுத்தது. பிறகு மனேஜர் கூப்பிட்டு, சந்தை விழுந்துவிட்டது, நாற்பத்தைந்து தருகிறோம் என்றார். சுஹறா கையைத் துணித் தொட்டிலில் கழுத்தோடு கட்டிக்கொண்டு கவுண்டருக்கு முன்னால் நின்றாள்.

"விழுந்தது நான் சேர். சந்தை விழல்ல. வேணுமெண்டா சொல்லுங்க, திரும்பக் கூட்டிக்கொண்டு வாறன். ஆனா இந்த முற வேன் இல்ல, நான்தான் வாசல்ல நிப்பன்."

மனேஜர் விதுஷாவைப் பார்த்தார். விதுஷா அன்றைய சந்தை விலைகளை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தாள். அதிலிருந்து மூன்றாவது வாரம் காசு வந்தது, ஒப்பந்தப்படி கழிக்கவேண்டிய சிறு தொகை போக ஐம்பத்துமூன்றும். பங்குனியில் அவள் இன்னொரு வேன் வாங்கினாள். கையை முழுதாக உயர்த்த இன்னும் முடியாததால், டொக்டர் சொன்ன நாள்வரை சம்பளத்துக்கு ஒரு ஓட்டுநர். பத்தொன்பது பிள்ளைகளில் பதினாறு பேர் திரும்பி வந்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. சுஹறா என் வாங்கில் உட்கார்ந்து பாடசாலை விடும்வரை காத்திருந்தாள். கடையில் கொப்பி எடுக்க நாலைந்து பேர் நின்றார்கள். கலந்தர் வந்தார், கையில் தன் லொறியின் காப்புறுதிப் படிவம். அவளைக் கண்டு கொஞ்சம் தயங்கினார், பிறகு மேசைக்கு மேலால் என்னிடம் குனிந்தார்.

"பன்னிரண்டு எண்டு போடுங்க ஜுனைட்."

நான் பேனையைக் கீழே வைத்தேன். என் வாழ்நாளில் முதல் தடவை. "இனி இந்தக் கடையில பொய் விலை எழுதிறல்ல கலந்தர். மெய்யச் சொல்லுங்க."

அவர் வாசலைப் பார்த்தார். நின்றவர்களைப் பார்த்தார். படிவத்தின் ஓரத்தை மடித்து விரித்தார். அந்த மனுஷனைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது. ஆறு பிள்ளைகளுக்குத் தகப்பன், அந்த லொறி ஒன்றுதான் அவருக்கும்.

சுஹறா எழுந்தாள். கடை முழுக்கக் கேட்கிற சத்தத்தில் சொன்னாள்: "எழுவத்திரெண்டு லட்சம். என்ட மச்சான்ட லொறி இண்டைக்குச் சந்தையில எழுவத்திரெண்டு லட்சம். அவர் சொல்லல்ல, நான்தான் சொன்னன். கண்ணூறு படுறதெண்டா எனக்குப் படட்டும். எழுதுங்க காக்கா."

கொப்பி எடுக்க நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கலந்தர் தலையைக் குனிந்துகொண்டார், வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் எழுபத்திரண்டு என்று எழுதி, கையெழுத்து வைக்கிற இடத்தை விரலால் காட்டினேன். அவர் வைத்தார்.